பத்து மணிக்கு ஒரு வார்த்தை

ஏலே அஜின், எனக்க மக்கா,

முதலில் உன் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். பத்திரமாக இருக்கிறது. உன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், உன் அம்மா தைத்த துணிப்பையில் இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. பேட்டரி நூறு சதவீதம். திறக்கத்தான் முடியவில்லை.

இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திய இணையப் பக்கத்திலேயே எழுதுகிறேன். "உன் போன் உனக்கே" என்று எவ்வளவு திமிராகப் பேர் வைத்தோம்! நாலு மாசமாக அதில் ஒரு வரிகூட வரவில்லை. நீ எங்கே என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அஞ்சாம் நாள் போய்விட்டான் என்று ஒற்றை வரியில் போட எனக்குக் கை வரவில்லை. நாகர்கோவில்காரர்களுக்கு மட்டும் ஜங்ஷன் ஃபிளெக்ஸைப் பார்த்துத் தெரிந்தது. அந்த ஃபிளெக்ஸில் இருப்பது பிளஸ் டூ ஐடி கார்டு படம். வேறு படம் ஒன்றும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் அந்தப் போனுக்கு உள்ளே இருக்கிறது.

நாம் எப்படி ஆரம்பித்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா இறந்து ஒரு வருசம் ஆன அன்று காலையில், உன் போன் தானாகவே அவர் படங்களைக் கோர்த்து, குத்துப்பாட்டு மாதிரி ஒரு இசை போட்டு, "இனிய நினைவுகள்" என்று காட்டியது. அப்போது உன் அம்மா பக்கத்தில் இருந்தார்கள். நீ என் வீட்டுக்கு வந்து போனை மேசையில் போட்டுவிட்டு, "இவனுவளுக்கு எனக்க அப்பா யாருல?" என்று கேட்டாய். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். நம்ம போன் நமக்குத்தான், கம்பெனிக்காரனுக்கு இல்லை என்று ரெண்டு வருசமாக எல்லாரிடமும் கத்திக்கொண்டிருந்தேன், யாரும் காது கொடுக்கவில்லை. முதன்முதலாக ஒரு ஆள் கிடைத்தான்!

மூன்று நாள் உட்கார்ந்தோம். கம்பெனிக்காரன் போட்ட சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு, யாருக்கும் கட்டுப்படாத ஒன்றை ஏற்றினோம். உன் அப்பா மஸ்கட்டிலிருந்து உன் போன் வழியாக உன் அம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் இணையக் கணக்கிலிருந்து இறக்கி, உன் போனிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்தோம். இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல்தான் பூட்டு. அப்புறம் கணக்கையே அழித்தோம். அழித்ததற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கத்தில் போட்டு, கோட்டாறில் போய்ப் பொரோட்டா தின்றோம்.

உன் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் விட்டு வந்ததும் நீதான் உன் போனை அவர்கள் காதில் வைத்து, அப்பா பேசுவதைக் கேட்க வைப்பாய். அவர்களுக்குப் புதுப் போன் வாங்கும்போது அதில் போட்டுத் தருகிறேன் என்றாய். வாங்குவதற்குள்...

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே வைத்திருந்தபோது, உன் செருப்போடு போனும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடந்தது. மூன்றாம் நாள் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அணைந்து எழுந்தால் விரல் ரேகை செல்லாது, முழுக் கடவுச்சொல்லையும் போட வேண்டும். அந்த விதியை மெனக்கெட்டுப் புகழ்ந்து ஒரு பதிவே எழுதியவன் நான். உன்னைப் பெட்டியில் வைத்திருந்தபோது பக்கத்தில் நின்று உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். செல்லாது என்று தெரிந்தும் பார்த்தேன். என்னை என்ன செய்யலாம், சொல்லு?

வடசேரியில் ஒரு மொபைல் கடைக்குக் கொண்டு போனேன். அந்த அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழிச்சுத் தாறேன் தம்பி. புதுசு மாதிரி ஆவும்."

"உள்ள இருக்கது?"

"அது போவும். ஒனக்குப் போன் வேணுமா, உள்ள உள்ளது வேணுமா?"

"உள்ள உள்ளதுதான் அண்ணே."

"எல்லாரையும் போல இருந்திருந்தா, செத்ததுக்குச் சர்ட்டிபிகேட்ட அனுப்பி கம்பெனிக்காரன்ட்ட கேட்டாவது பாத்திருக்கலாம். ஒங்களுக்கெல்லாம் அறிவு கூடிப் போச்சுல்லா!"

அதற்கு ஒரு மாசம் முன்னால் என்றால் அவரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். அன்று போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. உன் அப்பா சாவுக்குக் குத்துப்பாட்டு போட்டவனிடம் திரும்பிப் போகவும் மனசு இல்லை. நான் எங்கேதான் போய் நிற்பது?

முதல் வாரம் பைத்தியம் மாதிரி எதையெல்லாமோ அடித்துப் பார்த்தேன். தப்பு கூடக் கூட, காத்திருக்கச் சொல்லும் நேரமும் கூடியது. கடைசியில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை என்று வந்து நின்றுவிட்டது. அதை உன் அம்மாவிடம் சொன்னேன். "ஒரு நாளைக்கு ஒண்ணா? அது போரும் மக்கா. நான் யோசிச்சு வைக்கேன், நீ வந்து அடி" என்றார்கள்.

அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு உன் வீடு. உன் அம்மா சமையலை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையோடு உட்கார்ந்திருப்பார்கள். உன் அப்பா பெயர். வீட்டுப் பெயர். நீ மூணாம் கிளாஸ் படிக்கும்போது வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயர். ரசவடை. முட்டம் கடற்கரை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கதை உண்டு. ஆட்டுக்குட்டியை விற்ற அன்று நீ சுசீந்திரம் பஸ்ஸில் ஏறி அதைத் தேடப் போனாயாமே, என்னிடம் ஏன் சொல்லவே இல்லை? "இண்ணைக்குக் கிட்டும் பாரு" என்பார்கள். நான் அடிப்பேன். தப்பு என்று வரும். "அப்பம் நாளைக்கு" என்று எழுந்துபோய் எனக்குச் சாயா போடுவார்கள்.

அஜின், எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அது கிடைக்காது. உன் கடவுச்சொல்லில் நீ விரும்பிய ஒன்றுமே கிடையாது. லுடோ பெட்டியிலிருந்து பகடையை எடுத்து உருட்டி, வந்த எண்களுக்கு, நெட்டில் கிடைக்கும் எண் போட்ட வார்த்தைப் பட்டியலில் இருந்த ஆறு வார்த்தைகளை எழுத வைத்தவன் நான். மனுசன் மனசிலிருந்து வருவதை மனுசன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் மனசையே நம்பாதே என்று பாடம் நடத்தினேன். காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால்கூட, ஆறு வார்த்தையையும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று பீற்றினாய். எழுதிய தாளை அடுப்பில் போடச் சொன்னதும் நான்தான்.

அப்படி இருந்தும் ரெண்டு மாசத்துக்கு மேல், உன் அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அடித்தேன். ஏன் என்று கேட்காதே. பத்து மணி ஆவதற்கு அவர்கள் காத்திருந்தார்கள். நானும்தான்.

போன மாசம் ஒரு புதன்கிழமை, உன் அம்மா நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் வெட்கமாக, "இண்ணைக்கு எனக்க பேரப் போடு மக்கா. லில்லிபாய். இது எனக்கு முதல்லயே தெரியும். கடைசிக்குன்னு வச்சிருந்தேன்" என்றார்கள்.

போனைக் கீழே வைத்தேன். அதை அடித்திருந்தால் தப்பு என்று வந்திருக்கும். பிள்ளை என் பேரை வைக்கவில்லை என்று அவர்கள் ஆயுசுக்கும் நினைத்திருப்பார்கள்.

சொல்லிவிட்டேன். பகடையிலிருந்து அடுப்பு வரைக்கும் எல்லாவற்றையும்.

"அவனுக்க அப்பாவை நீங்க லுடோ உருட்டியா பூட்டினிய?"

"ஆமாம்மா."

"ஒனக்கு இத்தற நாளும் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா நான் சொன்னதையெல்லாம் அடிச்ச?"

தலையை ஆட்டினேன். உன் அம்மா போனை என் பக்கம் தள்ளினார்கள். "கொண்டு போ இத."

"அது உங்களுக்குள்ளதும்மா."

"எனக்குள்ளதுன்னா எனக்குத் தொறக்காண்டாமா?"

எத்தனை வருசம், எத்தனையோ பதிவுகள், எத்தனை பேரோடு சண்டை! இந்த ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. போனை எடுக்காமல் வெளியே வந்தேன். சாயா கிடைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதிமூன்றாம் நாள் உன் அம்மாவே கூப்பிட்டார்கள். பட்டன் போனில் என் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அண்ணைக்கு உருட்டும்போ அவன் சிரிச்சானா?"

"சிரிச்சான்மா. மொத வார்த்தைய எழுதினதுமே விழுந்து விழுந்து சிரிச்சான். இதக் கேளுல, இதக் கேளுலன்னு சொன்னான்."

"என்ன வார்த்த?"

"கேக்கலம்மா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி, ரெண்டு காதையும் பொத்திட்டேன்."

அப்புறம், "நாளைக்கு வா. அண்ணைக்கு என்னெல்லாம் சொன்னான்னு முழுசும் சொல்லு" என்றார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. குரலிலும் அது இல்லை.

போனேன். நீ அன்று போட்டிருந்த சட்டையிலிருந்து ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நம்ம பக்கத்தை மூடமாட்டேன். ஆனால் இனி யார் வந்து என் போனைப் பூட்டித் தா என்று கேட்டாலும், நீ இல்லாத அன்றைக்கு இது யாருக்குத் திறக்க வேண்டும் என்று கேட்டு, அந்த ஆளையும் கூட்டிவரச் சொல்லித்தான் தொடுவேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஒன்றைக்கூட உன் அம்மாவிடம் பூட்டி வைக்கமாட்டேன். திட்டினாலும் போவேன். எனக்கு மறந்துபோவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பேன்.

லில்லிபாய் அம்மாவுக்குக் கணக்குச் சொல்ல மிஞ்சியிருக்கும்,
உன் கூடப்பிறக்காத தம்பி,
பிபின்