புழக்கடைத் தீ வழக்கு

மழை முறை தவறாது பெய்க. குழலூதும் குன்றுகள் குளிர்ந்து விளங்குக. பெண் கொடுத்தாரும் பெண் கொண்டாரும் ஒரு குடியாய் வாழ்க.

செங்கரை நாடும் வேலங்காடும் அலைவாய்த் துறையும் ஆளும் அடலரச மாமன்னரின் பட்டத்துத் தேவியும், உள்மாளிகை முத்திரைக்கு உரியாளுமாகிய நல்லமங்கை தேவியேம், ஊதுமலை நாட்டுக் குழலூர் அரண்மனையில் வீற்றிருக்கும் நெடுங்குன்ற வேளின் தேவியும், எம் மருமகளைப் பெற்ற மணிவயிற்றினரும், எம் சம்பந்தியுமாகிய குழல்வாய்மொழி தேவியார்க்கு விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் குடியும் கோட்டையும் கன்றுகாலிகளும் நலமாக இருக்க வேண்டுகிறோம். இங்கு யாவரும் நலம். தங்கள் கணவர்மீது எம் கணவர் கொண்ட கோபமும் இளைக்காமல் நலமாகவே இருக்கிறது.

முதலில் தாங்கள் அறிய விழைவதைச் சொல்லிவிடுகிறோம். தங்கள் மகள் காந்தள்மணிக்கு ஏழாம் திங்கள் நடக்கிறது. மசக்கை விட்டது, முகம் தெளிந்தது, கஞ்சியும் சோறும் இடையிடையே மாங்காயுமாக வயிறு கேட்டதை உண்கிறாள். எம் மகன் ஆதன் அவளைத் தரையில் கால் பாவ விடாமல் தாங்குகிறான். கொஞ்சம் அதிகமாகவே தாங்குகிறான், அவளே போதும் போதும் என்கிறாள். ஆயினும் வரும் வளர்பிறையில் குறித்திருக்கும் வளைகாப்பைப் பற்றி யாரேனும் வாயெடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். தங்கள் மலைநாட்டு வழக்கில் முதல் வளையைப் பெற்ற தகப்பனே இடவேண்டும். தகப்பனாரோ எம் வாசலை மிதிப்பதில்லை என்று சூளுரைத்துப் போயிருக்கிறார். இவ்வோலை அதன் பொருட்டே எழுதப்படுவது.

அன்று நடந்ததை வேள் தங்களிடம் எவ்விதம் சொன்னாரோ அறியோம். பாதிதான் சொல்லியிருப்பார், எம்மவரும் எம்மிடம் மற்றப் பாதியைத்தான் சொன்னார். யாம் மேல்மாடத்தில் நின்று முழுவதையும் கண்டோமாதலின் முழுவதையும் எழுதுகிறோம்.

எம் அரண்மனைப் புழக்கடையில், கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவே, செங்கல்லால் கட்டிய நீண்ட கரியடுப்பு ஒன்று உண்டு. பெயரைக் கேட்டாலே பகைவர் நடுங்கும் எம் மன்னர், மாலையானால் முடியைக் கழற்றி அடுக்களைப் படியருகே பீடத்தில் வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவ்வடுப்பின்முன் குந்துவார். மிளகும் இஞ்சியும் பூசிய காடைகளைக் கம்பியில் கோத்துத் தம் கையாலேயே வாட்டுவார். கோட்டைகளை வென்றபோதும் அந்த முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை யாம் கண்டதில்லை.

சென்ற திங்களில் விருந்துக்கு எழுந்தருளிய தங்கள் வேள், ஊதுமலைப் பிளவிலிருந்து எழும் நிலவாயுவை எருமைத்தோல் பைகளில் அடைத்து வண்டியேற்றி, மூங்கிற்குழாயும் வெண்கலத் திருகும் பொருத்திய அடுப்போடு கொண்டுவந்தார். சம்பந்தி வீட்டுக்கு யானை கொணர்வார் உண்டு, குதிரை கொணர்வார் உண்டு, காற்றை மூட்டை கட்டிக் கொணர்ந்தவரை இன்றுதான் பார்க்கிறோம் என்று எம் பணிமகளிர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். வேள் திருகைத் திருப்பி நெருப்பைக் காட்டியதும் நீலமாய் எழுந்து நின்றதே ஒரு சுடர்! சிரித்தவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தனர். இதை மறைக்க மாட்டோம்.

அங்கேதான் வினை தொடங்கியது. தம் தீக்குப் புகை இல்லை, சாம்பல் இல்லை, ஊத வேண்டா, விசிற வேண்டா, கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும் என்று வேள் அடுக்கினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கரியில் சுடுவது காட்டில் திரிந்த முன்னோர் வேறு வழியின்றிச் செய்தது என்றும் ஒரு சொல் சேர்த்தார். எம்மவர் விடுவாரா? நீலத்தீயில் வைத்த காடை சுட்டது ஆகாது, தண்ணீர் இல்லாமல் அவித்தது ஆகும் என்றார்; கம்பி பட்ட தழும்பைக் காட்டிச் சுட்டதென்று ஏய்க்கும் வேலை என்றும் சொன்னார்.

சிற்றரசர்கள் இலைமுன் அமர்ந்தாயிற்று. வேளின் அடுப்பில் காடைகள் ஒருபுறம் சிவந்து மறுபுறம் திருப்பும் வேளையில், சுடர் ஒருமுறை துள்ளியது, சுருங்கியது, அணைந்தது. பை காலி. மற்றப் பைகளை எடுத்துப் பார்த்தால், வழிக்குலுக்கலில் தையல் விட்டு அவையும் தொய்ந்து கிடந்தன. எம் மன்னர் சிரித்தார். அத்தனை பேர் நடுவே அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. ஓலை எழுதும் அதிகாரியார் இவ்விடத்தில் எழுத்தாணியை நிறுத்தி எம் முகத்தைப் பார்க்கிறார். எழுதும் ஐயா, மன்னர் அறியாததை ஒன்றும் யாம் சொல்லவில்லை என்றோம்.

சிரித்ததோடு விடாமல், நெருப்பு என்றால் என்ன என்று இப்போது பாரும் எனச் சொல்லி எம்மவர் கரியை அள்ளிக் கொட்டினார். முந்தின நாள் மழையில் நனைந்த கரி! விசிறினார், ஊதினார், நெய் வார்த்தார். புகை வந்ததேயன்றித் தணல் வரவில்லை. சிற்றரசர்கள் வரிசையாய் அமர்ந்து கண்ணீர் விட்டனர். போரில் தோற்று எம்மிடம் பணிந்த நாளிலும் அவர்கள் அப்படி அழுததில்லை. இப்போது தங்கள் வேள் சிரித்தார். எம்மவரைவிட உரக்கவே சிரித்தார்.

வயிறு காய்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள் அதன்பின் எப்படிப் பேசுவார்கள் என்பதைத் தங்களுக்கு யாம் எழுத வேண்டியதில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஊர் சிரிக்க நிற்கவோ வந்தேன், இந்தக் கரிக்குழி இருக்கும் வாசலை இனி மிதியேன் என்று வேள் தொய்ந்த பையின்மேல் அடித்துச் சூளுரைத்தார். இந்தத் தோற்பை ஒன்றேனும் இனி எம் கோட்டைக்குள் நுழையாது என்று எம்மவர், கையில் வாள் இல்லாமையால், விசிறியின்மேல் அடித்துச் சூளுரைத்தார். விருந்தினர் வெறும் தயிர்ச்சோறு உண்டு விடைபெற்றனர்.

அன்றுதொட்டு எம் மன்னர் இவ்வழக்கை அவையில் வைத்தார். முதலமைச்சர் பல நாள் ஆராய்ந்து, இரு தீயும் நல்ல தீயே என்று விண்ணப்பித்தார். படைத்தலைவர், ஊதுமலையையே கைக்கொண்டால் இரு தீயும் நமதாகுமே என்றார். அவரை அந்தப்புரத்துக்கு அழைத்து யாம் சொன்னவற்றை இவ்வோலையில் எழுதுவது முறையன்று. இவர்களை நம்பியிருந்தால் பிறக்கும் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்தும் முடிந்துவிடும் என்று கண்டு, வழக்கை எம் கையில் எடுத்தோம்.

எடுக்க எமக்கு உரிமை உண்டு. இவ்வரண்மனை எழுந்த காலந்தொட்டு எம் நாட்டில் ஒரு முறை உளது. முன்வாசல் தொடங்கி அடுக்களை வரை மன்னர் ஆணை. அடுக்களைப் படி இறங்கினால் அரசி ஆணை. முடி சூடியவர் எவரும் முடியோடு புழக்கடைக்குள் நுழைதல் ஆகாது. முடியின்றி அங்கே சொன்ன சொல், அரசியின் முத்திரை பெற்றாலன்றி அரசமொழி ஆகாது. அன்று எம்மவர் தம் முடியைப் பீடத்தில் வைத்தார். மேல்மாடம் ஏறுமுன் தங்கள் வேளின் முடியைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தவர் யாமே. ஆகவே இரண்டு சூளும், தலையில் துண்டு கட்டிய இரண்டு பெரியவர்கள் பசியில் பேசிய பேச்சே அன்றி வேறல்ல. முத்திரைக்கு எம்மிடம் வந்தால் அன்றோ அவை செல்லும்? இருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் இட்டிருக்க மாட்டோம்.

சூள் தீர்ந்தது. எந்தத் தீ என்பது தீரவேண்டுமே? அது தீராமல் இருவரையும் ஒரு வாசலில் நிறுத்தினால் மறுபடியும் தயிர்ச்சோறுதான். எனவே காந்தள்மணியைக் காற்றுக்கு எதிர்முகமாய், புகை எட்டாத இடத்தில் அமர்த்தி, இரண்டு அடுப்பையும் யாமே மூட்டிப் பார்த்தோம். வேள் விட்டுப்போன பைகளின் அடியில் தையல் விடாத ஒன்று கிடந்தது, அதில் கொஞ்சம் வாயு மிச்சம் இருந்தது.

நீலத்தீயை முதலில் மூட்டினோம். வேள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கத்தரிக்காயைத் தோல் மட்டும் கருக வாட்டியது. வரால் மீனைச் சிதையாமல் சுட்டது. திருகை மூடினால் அடுப்பைக் கழுவும் வேலைகூட இல்லை. மருமகளே, இலைமுன் வா என்று யாம் சொல்லி முடிக்குமுன் இலையில் மீன் விழுந்துவிட்டது. உண்டோம், கை கழுவினோம். காடையையும் வைத்துப் பார்த்தோம். வெந்திருந்தது, பதமாகவும் இருந்தது, ஆனால் எம்மவர் வாட்டும் காடையின் மணம் அதில் இல்லை. கொழுப்பு தணலில் சொட்டிப் புகையாய்த் திரும்பி இறைச்சியில் ஏறுகிறதே, அது திருகில் வராது.

பின்பு கரியை மூட்டினோம். உலர்ந்த வேலங்கரிதான், ஆனாலும் அம்மம்மா, எவ்வளவு நேரம்! ஓரம் சிவந்து, நடு சிவந்து, மேலே வெள்ளை நீறு படியும்வரை கம்பியை வைக்க முடியாது. விசிறுவதும் காத்திருப்பதும் தவிர வேறு வேலையில்லை. அப்போதுதான் எமக்கு ஒன்று விளங்கியது. எம் கணவர் அவையில் சொல்லாததையும் கட்டிலில் சொல்லாததையும் எம்மிடம் சொல்வது இந்த அடுப்பின்முன் தணல் பழுக்கக் காத்திருக்கும் நேரத்தில்தான். மூத்த மகனைப் போரில் இழந்த துயரத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதும் இங்கேதான்.

அன்றும் அப்படியே ஆயிற்று. வளைகாப்பு என்றாலே எழுந்து போகும் காந்தள்மணி, தணலைப் பார்த்துக்கொண்டே தானாகப் பேசினாள். சிறுவயதில் அவளுக்குப் பசி வந்தால் பொறுக்காதாம். அழுது உதடு நீலம் பாயுமாம். தாங்கள் நோயுற்றுப் படுத்திருந்த காலத்தில், எந்த நேரம் அவள் பசி என்றாலும் வேள் பணியாளை எழுப்பாமல் தாமே நீலத்தீயை மூட்டித் தினையடை சுட்டுத் தருவாராம். கரியடுப்பு ஆயத்தமாகும்வரை பிள்ளை தாங்குவாளா, வயிற்றில் ஒன்றிருக்கையில் புகை ஆகுமா என்று கேட்டுக்கேட்டுத்தான் பைகளை வண்டியில் ஏற்றினாராம், உடன் வந்த வண்டியோட்டி அவளிடம் சொன்னானாம்.

தேவியாரே, இதை அன்று ஒரு வாய் சொல்லியிருந்தால் எம்மவர் அந்தப் பைகளைத் தம் தலையில் சுமந்து உள்ளே கொண்டுவந்திருப்பாரே! திருகின் பெருமையை அவ்வளவு நீட்டிப் பேசிய மனிதர் இந்த ஒன்றை விழுங்கிவிட்டார். எமக்குக் கண் நிறைந்துவிட்டது. புகையால் என்று மருமகளிடம் சொல்லிச் சமாளித்தோம்.

ஆகவே யாம் பணிக்கும் ஆணை இது. எம் புழக்கடையில் விருந்துக்குச் சுடும் அடுப்பு கரியடுப்பே. அதை மாற்ற எம்மவர் உள்ளிட்ட எவருக்கும் உரிமையில்லை. வேள் கொணர்ந்த நீலத்தீ அடுப்பு காந்தள்மணியின் அறைக்கு அடுத்த முற்றத்தில் நிறுத்தப்படும். அவள் பசி என்ற கணத்தில் அது எரியவேண்டும். அதற்கான பைகளை இரட்டைத் தையலிட்டு அனுப்புக. ஒன்று எரிகையில் ஒன்று நிறைந்து காத்திருக்கட்டும், அன்றுபோல் பாதியில் கையை விரிக்க வேண்டா. வளைகாப்பு நாளில் கரியடுப்பை மூட்டும் பணி இரண்டு மன்னர்க்கும் உரியது. வேள் விசிறுவார், எம்மவர் கம்பி திருப்புவார். தணல் பழுக்கும்வரை மற்ற எவரும் அருகே செல்லலாகாது, அவ்விருவரும் எழுந்திருக்கலாகாது. அந்த நேரத்துக்குள் அவர்கள் பேசாதிருந்தால் அதன்பின் யாம் பேசுவோம்.

இவ்வாணையை எம் மன்னருக்குப் படித்துக் காட்டினோம். தினையடைச் செய்தி வரும்வரை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். பின் எழுந்து, கரி உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் புழக்கடைக்குப் போனார். போகும்போது, வேளுக்குக் காடையில் மிளகு தூக்கலாக இருக்கவேண்டுமா என்று கேட்டு எழுதச் சொன்னார். தாங்கள் மறவாமல் தெரிவிக்கவும்.

இவ்வோலையை வேளுக்குத் தாங்களே படித்துக் காட்டி, உடன் அழைத்து வருவீராக. இவ்வாணை, எம் கிணறு ஊறும்வரையும் முருங்கை பூக்கும்வரையும் நிற்பதாக. இருவீட்டு அடுப்பும் அணையாதிருக்க. செங்கரை உள்மாளிகையிலிருந்து, அகப்பை பொறித்த எம் முத்திரையை இட்டு விடுத்தோம்.

முத்திரை இட்டபின் சேர்த்தது. ஓலையைச் சுருட்டும் வேளையில் காந்தள்மணி வந்து, தன் சொல்லையும் எழுதவேண்டும் என்றாள். அரச ஓலைக்கு ஏற்பச் செப்பம் செய்து எழுதவா என்று அதிகாரியார் கேட்டார். வேண்டா, அவள் சொன்னபடியே எழுதும் என்றோம். அவள் சொன்னது: "அத்தை, எந்த நெருப்பாவது இருக்கட்டும்னு அப்பாகிட்ட சொல்லுங்க. காடையைப் பச்சையாக் குடுத்தாலும் தின்னுடுறேன். அவர் வந்தாப் போதும்."