மீதி பூஜ்யம்

வியாழனின் நிலா காலிஸ்டோ, பனி நிலையம்

நாள் 311. காலை 6.10
காற்று சரி. தண்ணீர் சரி. மெஷின் ஓடுகிறது. எழுதுவது அமலோற்பவம், இங்கே சமையல். என் மகள் ஜெனிட்டாதான் இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். போன வாரம் வெளியே பனி பிளந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. இங்கே மிச்சம் நான் ஒருத்திதான். இனி நான்தான் எழுத வேண்டும். ஐந்தாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாள் 313. பகல் 1.40
மெஷின் எதற்கு என்று, இதைக் கண்டெடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஜெனிட்டா ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருந்தாள். கோடிக்கணக்கில் இலக்கம். அது பகா எண்ணா என்று மெஷின் மாதக்கணக்காகப் பார்க்கிறது. தூத்துக்குடியில் நான் மீன் விற்றவள். அதனால் எனக்கு இப்படிச் சொன்னாள்: "யம்மா, பன்னெண்டு சாளைய மும்மூணா கூறு வச்சா சரியா வருது. பதிமூண வச்சுப் பாரு. எப்படிக் கூறு போட்டாலும் மீதி நிக்கும். அதான் பகா எண்."
முடிவு வருமுன் வெளியே சொன்னால் வேறு யாராவது தன் பெயரைப் போட்டுக்கொள்வார்களாம். அதனால் எண் மெஷினுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நாள் 316. மாலை 5.05
மின்சாரம் குறைகிறது. மெஷினை நிறுத்த மாட்டேன் என்று நேற்றே சொல்லியிருந்தேன். அவளோடு வேலை பார்த்த செல்வின் பூமியிலிருந்து மறுபடி பேசினான்: "அம்மா, மெஷின ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரப் போடுங்க. கப்பல் வர நாளாகும். எண்ண எனக்கு அனுப்புங்க, நாங்க பாத்துக்கிடுதோம். ஜெனிட்டாவுக்குப் பிடிவாதம் எங்கருந்து வந்துச்சுன்னு இப்பல்லா தெரியுது."
அனுப்பவில்லை. ஹீட்டரைத்தான் நிறுத்தினேன். அவளுடைய ஸ்வெட்டர் எனக்குப் பற்றவில்லை. அப்படியே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாள் 319. காலை 9.20
விரல் மடங்கவில்லை. மெஷின் நின்றுவிட்டது. திரையில் ஒரே வரி. மீதி 0.
மீதி இல்லை. கூறு சரியாகப் பிரிந்துவிட்டது. என் பிள்ளை போட்ட கணக்குத் தப்பு.
செல்வினுக்குச் சொல்லிவிட்டேன். இங்கிருந்து போய்ப் பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

காலை 9.50
செத்துப்போன பிள்ளையைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. மெஷினில் இருந்ததையெல்லாம் அழித்தேன். எண்ணையும்.

காலை 10.55
செல்வின் குரல். அழுகிறான். "அம்மா! ஜெயிச்சுட்டாம்மா! இதுல கூறு வைக்கவே இல்ல. அம்மாம் பெரிய எண்ணக் கூறு வச்சு முடியுமா? இது வேற சோதனை. கடைசில பூஜ்யம் வந்தாத்தான் பகா எண். எதையும் தொட்டுராதீங்க. எண்ண மட்டும் அனுப்புங்க, அவ பேரப் போட்டுருவோம்."

மெஷினைத் தட்டினேன். கெஞ்சினேன். காலி.

நேரம் தெரியவில்லை
விளக்கு போய்விட்டது. ஒருநாள் சோறு பரிமாறும்போது திரையைத் தொட்டுக் காட்டினாள். கடைசி இலக்கம் ஏழு. நான் குழம்பு ஆறுகிறது என்றேன்.
யார் கண்டுபிடித்தாலும் ஜெனிட்டா என்று போடுங்கள். கடைசியில் ஏழு. அதற்கு முன்னால்