கொல்லைத் தூணின் நாலு மில்லிமீட்டர்

மார்ச் 3
நேற்று ஆலங்கட்டி மழை. கொல்லையில் பேத்தி நட்டுவைத்த தூணின் தலையில் வெள்ளைக் குல்லா மாதிரி ஆண்டெனா இருக்கிறது. உடைந்துவிடுமோ என்று, துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, தூண் நிற்கும் இடத்தை அது மில்லிமீட்டர் பிசகாமல் சொல்லும். எங்கள் தெருவுக்கு அடியில் பூமியின் இரண்டு பெரிய தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அதை அளக்கிறவள் என் பேத்தி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதைத் தெருவில் யாரிடமெல்லாம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

மார்ச் 6
பேத்தி போன் செய்தாள். குரல் சரியில்லை. "பாட்டி, தூண் ரெண்டு சென்டிமீட்டர் மேல வந்திருக்கு. தரை உப்புதோ என்னவோ. ரெண்டு பேரும் வெளியிலயே படுங்க."
என் வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டு சென்டிமீட்டருக்கா வீட்டை விட்டு ஓடறது? உன் கால் வீக்கமே அதவிட ஜாஸ்தி."
எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் கால் வைக்கவே கூசுகிறது.

மார்ச் 7
அவள் ஆபீஸ் சொல்லி, எதிர்ப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மார்ச் 8
துணி அலசத் தொட்டியைத் தேடினேன். ஐயோ. தொட்டியா? அந்தத் தொட்டிதானா? சொன்னால் அவள் பெயர் கெடும். சொல்லாவிட்டால்?

மார்ச் 9
சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 10
பேத்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இப்ப போய் எடு. எடுக்கற நேரத்தை எழுதி வை" என்றாள். எடுத்தபோது மணி பத்து இருபது. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 12
உயரம் பழையபடி இறங்கிவிட்டது. தொட்டி மறைத்ததில் ஆண்டெனா உயரத்தைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. "பூமியவே தொட்டியால தூக்கிட்டீங்களேம்மா!" என்கிறார் தபால்காரர். சிரித்துத் தொலைத்தேன். அப்பாடா.

மார்ச் 14
அப்பாடா எல்லாம் இல்லை.
"உயரம்தான் தொட்டியால வந்தது, பாட்டி. கிழக்கால நாலு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு, அது திரும்பவே இல்ல. பத்து நாள்ல அரை மில்லிமீட்டர் போனாலே அதிகம். ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தூணும் நகர்ந்திருக்கு. அத யாரும் தொடல."
"அப்போ பூகம்பமா?"
"வரலாம். வராமலும் போகலாம். யாராலயும் சொல்ல முடியாது."
"பள்ளிக்கூடம்?"
"பழைய கட்டடம். ரெண்டு தட்டும் சேர்ற கோட்டு மேலயே நிக்குது. மறுபடி காலி பண்ணச் சொன்னோம். யாரும் நம்பல."
யாரால்? என்னால்தானே. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்.

மார்ச் 15
பள்ளிக்கூடத்துக்கே போனேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு எந்தத் தொட்டிம்மா?" என்றார். பக்கத்திலிருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். இந்த வயதில் இப்படி ஒரு அவமானம்.
"தொட்டியைக் கவுத்த முட்டாள் நான்தான். என் பேத்தி கணக்குல தப்பில்ல. மிச்சமிருக்கற நாலு மில்லிமீட்டருக்கு நான் காரணமில்லம்மா. சிரிங்க, நல்லா சிரிங்க. மைதானத்துல நின்னு சிரிங்க. இந்தச் சுவத்துக்கடியில வேணாம்."
அழக்கூடாது என்றுதான் போனேன். அழுதுவிட்டேன்.

மார்ச் 16
இன்றும் வகுப்பெல்லாம் உள்ளேதான் நடந்தது. கட்டில் ஆடுகிறது என்று எழுந்து ஓடினேன். ஆடியது என் உடம்புதான்.

மார்ச் 17
காலையில் பெஞ்சு இழுக்கும் சத்தம். மைதானத்து மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்திருந்தார்கள். "மழை வர்ற வரைக்கும்தான், சொல்லிட்டேன்" என்றார் தலைமையாசிரியை, என் முகத்தைப் பார்க்காமல். நானும் ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்தேன். நடுவில் பேத்தி போன் செய்தாள். ஆறு மில்லிமீட்டர் ஆகிவிட்டதாம்.
இன்னும் மூன்று வகுப்பு உள்ளே இருக்கிறது. எழுதியது போதும், போகிறேன்.