அலமேலுவைக் கொன்ற சொல்

அத்தான்,

தேவராஜ மார்க்கெட்டில் இன்று வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணெய்க் கறைக்கு நடுவே அலமேலு வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. விற்காத பிரதிகளை அக்கா எடைக்குப் போட்டுவிட்டாள் போலும். கதை என்னுடையது. அந்தச் சாவு உங்களுடையது.

உங்கள் அச்சகத்துக்கு நான் கொடுத்தபோது அது எண்பது பக்கம். கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிற அலமேலு, நடுவழியில் நஞ்சன்கூடு ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறாள். ரயில் அவள் இல்லாமல் மைசூருக்குப் புறப்படுகிறது. அவ்வளவுதான் கதை. கடைசி வரிக்குக் கீழே, உங்களுக்காகப் பென்சிலால் 'சாகு' என்று எழுதியிருந்தேன். இந்த மைசூரிலேயே பிறந்த எனக்கு அது கன்னடம் என்றே தோன்றவில்லை. போதும், இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம் என்று அர்த்தம்.

தஞ்சாவூரிலிருந்து வந்து இத்தனை வருஷம் இங்கே பிழைத்தும், கன்னடத்தைக் கடைத்தெருப் பாஷை என்று ஒதுக்கியவர் நீங்கள். அந்தச் சொல்லைத் தமிழாகவே படித்தீர்கள். அச்சான புத்தகத்தோடு ஓடிவந்தேன்.

"ஏன் அத்தான் அவளைக் கொன்னீங்க?"

"நீதானே புள்ள 'சாகு'ன்னு எழுதியிருந்தே! கதாசிரியை உத்தரவாச்சேன்னு கொன்னுட்டேன்."

அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "தெனம் சோறு போடறப்போ 'சாகா?'ன்னு கேக்கறேனே, என்னன்னு நெனச்சீங்க?"

"சாகாவரம் குடுக்கறேன்னு நெனச்சேன்டி."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு தெரிந்த பிறகாவது வெட்கப்படுவீர்கள் என்று காத்திருந்தேன்.

"இருக்கட்டும் புள்ள, சாவு நல்லா எடுபடுது. எண்பது பக்கத்தை எவன் வாங்குவான்? கல்யாணப் பத்திரிகையா இது? நீட்டணும்."

நீட்டியிருந்தீர்கள்: ஒரு காவேரி வெள்ளம், ஒரு தசரா ஊர்வலம், தொலைந்துபோன தம்பி, அதற்கப்புறம் வாந்திபேதி. குறுநாவலுக்கு இத்தாலியில் 'நொவெல்லா' என்று பெயர், அப்படியென்றால் சின்னப் புதுச் செய்தி, வாயிலிருந்து காதுக்குப் போகிற அளவு, என்று உங்களுக்குச் சொன்னேன். கேள்விப்படாத ஒரே ஒரு நிகழ்ச்சி போதும் என்று ஜெர்மானியர் அதற்கு இலக்கணமே வகுத்ததையும் சொன்னேன். ஒரு பெண் தானாக ரயிலைவிட்டு இறங்கியதைக் காட்டிலும் கேள்விப்படாத செய்தி நம் தெருவில் உண்டா? "இத்தாலிக்காரனுக்குக் காகிதப் பஞ்சம்" என்றீர்கள். அன்றோடு உங்கள்மேல் எனக்கிருந்த மரியாதை போயிற்று. நீங்கள் செத்துப்போனதால் அது திரும்பி வரவுமில்லை.

போன வாரம் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அலமேலுவை அனுப்பினேன். உயிரோடு. தலைப்புக்குக் கீழே 'குறுநாவல்' என்று போட்டிருக்கிறேன்.

இப்போது வேறொன்று எழுதுகிறேன். எழுதிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் உங்கள் குரல் கேட்கிறது: "இன்னும் கொஞ்சம் நீட்டு புள்ள."

அந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறேன். இதுவரை ஒருமுறைகூட நீங்கள் காட்டிய இடம் தவறியதில்லை.