பாறைக்கரையில் சொல்லாதது

ஞாயிறு, இரவு

நண்பன் சலீம் பாறைகளுக்கு நடுவே அலையடிக்காத இடமாகப் பார்த்துப் படகைக் கட்டினான். வேலை போய்விட்டதை இந்தத் தீவில் வைத்தாவது என் மனைவி கமலாவிடம் சொல்லிவிட நினைத்திருந்தேன். சலீமுக்கு விஷயம் தெரியும், படகிலேயே இருந்துகொண்டான். நாங்கள் இருவரும் பாறையேறி நடந்தோம். நான் வாயெடுத்த நேரத்தில் அவள் ஃபோன் அக்கரை சிக்னலைப் பிடித்து, இந்தோனேசியாவுக்கு நல்வரவு என்று செய்தி வந்தது.

“பாருங்க, வெளிநாட்டுக்கே வந்துட்டோம்லா,” என்று சிரித்தாள். “உங்க போனஸ் வரட்டும், நிஜமாவே எங்கயாவது போவோம்.”

சரி என்றேன்.

கயிற்றை அவிழ்க்கும்போது சலீம் என் முகத்தைப் பார்த்தான்.

கமலா நாளைக்கு நான் போட வேண்டிய சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டுத் தூங்குகிறாள். பழைய அலுவலகம் இருக்கும் தஞ்சோங் பகாரில் ரயிலைவிட்டு இறங்கியபின் எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியவில்லை.