பேட்ஜைக் கேட்காத மூன்று கடிதங்கள்

போடி,
2-12-1980

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் மகளும் சுகம். குரங்கணியில் மழை விடவில்லை. ஏலக்காய் செடியிலேயே அழுகுகிறது.

தீபாவளிக்கு வந்தபோது போடிமெட்டு ஜீப்பைக் காட்டி மகளிடம் சொன்னீர்கள்: "வண்டி பழசுதேன் ஆத்தா. பிரேக்க அப்பப்ப புதுசா மாத்துனா பயமில்ல. எங்க அணு உலையும் அப்படித்தேன். இப்ப பழைய குழாயெல்லாம் மாத்துறோம்."

உள்ளே போகிறவர் உடம்பில் ஏறும் கதிர்வீச்சைச் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் காட்டும், அளவு தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். "நான் வெளிய வந்துட்டா அந்தக் குழாயத் தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் துவைக்கப் போட்டுவிட்டுப் போன சட்டைப் பையில் அந்த பேட்ஜ் இருந்தது. தபாலில் அனுப்பச் சொல்லி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். மூன்று கடிதம் வந்தது. ஒன்றிலும் கேட்கவில்லை. வேறு கொடுத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால், பேனா தொலைந்தாலே ஒரு பக்கம் எழுதுகிறவர் நீங்கள்.

நேற்று வந்த நான்காவது கடிதத்தில், "தினமும் உள்ளே போகிறேன். தீபாவளிக்குக் காட்டினேனே, அந்த பேட்ஜ் நெஞ்சிலேயே இருக்கிறது, கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த பேட்ஜை இத்துடன் வைத்திருக்கிறேன். குழாயை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைக் குத்திக்கொண்டு மாற்றுங்கள்.

மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இப்போதெல்லாம் டிரைவரிடம், "பிரேக்கு புதுசாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுகிறாள்.

உங்கள் மனைவி