அறுகாலருக்கு யார் காவல்

கோலாலம்பூர்
5.3.2024

அன்புள்ள சசி,

எப்படி இருக்கிறாய்? உன் மோட்டார் சைக்கிள் சரியாகிவிட்டதா, இல்லை இன்னும் மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போகிறாயா? மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டுவது இங்கே கேட்கிறது. திட்டிக்கொள். ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

என் அலுவலகத்தில் இதுவரை பள்ளிக்கூடப் பயிற்சி நூல்கள்தான் போட்டோம். இப்போது முதல்முறையாக ஓர் ஆட்டப் புத்தகம் போடுகிறோம், அதுவும் தமிழில். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக மாறி, என்ன செய்வதென்று அவரவரே முடிவெடுப்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். விண்வெளிக் கப்பல் உண்டு, மந்திரமும் உண்டு. எழுதும் பொறுப்பு எனக்கு!

வேற்றுக்கிரகத்தில் வாழும் பூச்சி மாதிரியான ஓர் இனம் வேண்டும். இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். நான் எழுதினால் எறும்புக்குச் சட்டை போட்ட மாதிரி வருகிறது. பிறகுதான் உறைத்தது, தினமும் பூச்சி முகத்தில் விழிக்கிறவள் ஒருத்தி மலையில் இருக்கிறாளே!

வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பாதே. தாளில் எழுது. அப்போதுதான் ஓரத்தில் படம் வரைவாய்.

உன்,
கங்கா


பிரிஞ்சாங்
11.3.2024

அடியே கங்கா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. படித்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிற்று. சாயந்திரம் வேலையில், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. "என்னா சசி, லவ்வா?" என்று கேட்டார். "ஆமா, ஆறு கால் இருக்கு அதுக்கு" என்றேன். மனிதர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்துகொண்டார்.

எறும்பு வேண்டாம். தேனீயும் வேண்டாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். தத்துப்பூச்சியை எடுத்துக்கொள். எங்கள் தேயிலை இலைக்கு அடியில் இருக்கும், அரிசியைவிடச் சின்னது, பச்சை நிறம். நான் நிரை நிரையாக நடந்து, இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேனே, அந்தப் பூச்சிதான். அதற்குக் குரல் கிடையாது. வயிற்றை அசைத்துத் தண்டை அதிரவைக்கும். அதே செடியில் நிற்கும் இன்னொரு பூச்சிக்கு அது காலில் கேட்கும். நமக்குக் கேட்கவே கேட்காது. யோசித்துப் பார், இந்த மலை முழுக்கப் பேச்சு நடக்கிறது, நான் செவிடு மாதிரி நடுவில் நடந்து போகிறேன்!

நம் இனமும் அப்படித்தான். பெயர் அறுகாலர். ஆள் உயரம். அவர்கள் கிரகம் முழுக்க ஒரே கொடி. அதைத் தொட்டு நிற்கிறவர் எவருக்கும் எல்லோர் பேச்சும் கேட்கும். அதனால் அவர்களிடம் ரகசியம் என்ற சொல்லே கிடையாது. இரும்புக் கப்பலில் ஏறினால் காது அடைத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே எங்கே போனாலும் ஒரு தொட்டியில் கொடியை எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

நான்கு படம் வரைந்திருக்கிறேன். மூன்றாவதில் முழங்கால் தப்பு, மன்னித்துவிடு.

சசிரேகா


கோலாலம்பூர்
16.3.2024

என் தங்கமே சசி,

பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். தொட்டியில் கொடி! அதை எப்படி யோசித்தாய்? கப்பலில் அந்தத் தொட்டி உடைந்தால் என்ன ஆகும்? யாராவது திருடினால்? இதை வைத்தே மூன்று கதை நடத்தலாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இந்த ஆட்டத்தில் பாத்திரங்கள் படிப்படியாக வலிமை பெற வேண்டும். மனிதர் என்றால் வாள் கற்பார், மந்திரம் கற்பார். அறுகாலர் எப்படி வளர்வார்கள்? சீக்கிரம் எழுது. எனக்குத் தூக்கம் வராது.

கங்கா


பிரிஞ்சாங்
21.3.2024

கங்கா,

தோல் உரிப்பார்கள்! பூச்சி வேறெப்படி வளரும்?

தத்துப்பூச்சி ஐந்து முறை தோல் உரிக்கும். ஐந்தாவது முறைதான் முழுச் சிறகு. இன்றைக்கு ஓர் இலையடியில் ஒன்று உரித்துக்கொண்டிருந்தது. குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. பழைய தோல் முதுகில் பிளந்து, உள்ளேயிருந்து வெளுத்துப் போய் வந்தது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. புதுத் தோல் இறுகும்வரை ஓர் எறும்பு வந்தால் போதும், கதை முடிந்தது.

ஆகவே விதி இது. அறுகாலர் ஒவ்வொரு முறை வலிமை கூடும்போதும் தோல் உரிப்பார். உரித்த அன்று உடம்பு மெத்தென்று இருக்கும். சண்டை போட முடியாது, ஓட முடியாது. கூட ஆடுகிறவர்கள் அவர் முன்னால் நின்று காக்க வேண்டும். பெரிய ஆளாக வேண்டுமென்றால் முதலில் மற்றவர்களை நம்ப வேண்டும். உரித்த தோலை வீட்டில் மாட்டி வைப்பார்கள், நாம் கல்யாணப் படம் மாட்டுகிற மாதிரி.

ஒன்று சொல்லட்டுமா? இலைக்கு இத்தனை பூச்சி என்று நான் நோட்டில் எழுதினால், மறுநாள் காலையில் மருந்து அடிக்கிறவர்கள் அந்த நிரைக்குப் போவார்கள். எட்டு வருடமாக எழுதுகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை, தேயிலை இல்லாவிட்டால் சோறு இல்லை. ஆனால் இந்த ஒரு புத்தகத்திலாவது அவை கொஞ்சம் பேசட்டும்.

சசிரேகா


கோலாலம்பூர்
13.5.2024

அன்புள்ள சசி,

தாமதத்துக்கு மன்னிப்பு. வேலை தலைக்கு மேல். சோதனைப் பதிப்பு ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சில மாற்றங்கள் இருக்கின்றன. விற்பனைக்காகச் செய்தவை, என் கையில் இல்லை. படங்கள் அருமையாக வந்திருக்கின்றன. பார்த்துவிட்டுச் சொல்.

கங்கா


பிரிஞ்சாங்
18.5.2024

கங்கா அவர்களுக்கு,

புத்தகம் கிடைத்தது.

நாற்பத்தோராம் பக்கம்: 'அறுகாலர், பயிரை அழிக்கும் பூச்சிப் படை. ஒன்றைக் கொன்றால் ஐந்து புள்ளி. தோல் உரித்த நாளில் கொன்றால் பத்து.'

பத்துப் புள்ளியா, கங்கா? காவல் நிற்பதற்காக நான் எழுதிய நாள் அது.

முதல் பக்கத்தில் 'கற்பனையும் எழுத்தும்: கங்கா' என்று இருக்கிறது. பெயருக்காக நான் எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. அந்தப் பத்துப் புள்ளியைப் பற்றியும் கேட்கவில்லை. மாற்றம் உன் கையில் இல்லை என்கிறாய். எனக்கு ஒரு வரி எழுதுவதுமா உன் கையில் இல்லை?

பதில் வேண்டாம்.

ச. சசிரேகா


பிரிஞ்சாங்
3.6.2024

கங்கா,

உனக்கு இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நேற்று நடந்ததை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சரியான மழை. தோட்டத்து மண்டபத்தில் மூன்று பேரைப் பிடித்து உட்காரவைத்தேன். கொழுந்து எடுக்கும் இராசம்மா அக்கா, தொழிற்சாலையில் இலை அரைக்கும் இயந்திரம் ஓட்டும் புனிதன், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் மாடசாமி அண்ணன். உன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் விதிப்படி ஆடினோம். அவர்கள் மூவரும் அறுகாலர். கதை நடத்துவது நான். பாம்பும் ஏணியும் ஆட்டப் பெட்டியிலிருந்து எடுத்த பகடை.

மனிதரின் கப்பல் ஒன்று மருந்துப் பீப்பாயோடு இறங்குகிறது. அன்றைக்குப் பார்த்துப் புனிதன் தோல் உரித்துவிட்டான்.

"இவன் இப்ப நகரக்கூட மாட்டானா?" என்று கேட்டார் மாடசாமி அண்ணன்.

"மாட்டான் அண்ணே. மருந்துச் சாரல் பட்டாலே செத்துருவான்."

"அப்ப நா அவன் முன்னுக்கு நிக்கிறேன் லா. என்னா வந்தாலும் என் மேல வரட்டும்."

பகடை உருட்டினார். ஒன்று. மருந்து முழுதும் அவர் மேல். அங்கேயே செத்தார். புனிதன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "அண்ணே, நீங்க ஏன் நின்னீங்க?" என்று நிஜமாகவே பதறிக் கேட்டான். இரண்டு பேருக்கும் போன வருடத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது, தெரியுமா?

அப்போது இராசம்மா அக்கா கையைத் தூக்கினார்.

"இரு. அந்தக் கேப்டன்கிட்ட பேச முடியுமா?"

"அவனுக்கு உங்க பேச்சு கேக்காதுக்கா. கொடியத் தொட்டாத்தான் கேக்கும்."

"அப்ப நா அவன் கையப் புடிச்சுக் கொடி மேல வெக்கிறேன்."

"கிட்ட போனா சுட்டுருவான்."

"சுடட்டும். நா வெப்பேன்."

ஆறு விழுந்தால்தான் நடக்கும் என்றேன். உருட்டினார். பகடை பெஞ்சுக்கு அடியில் ஓடிவிட்டது. நாலு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். மாடசாமி அண்ணன்தான் கத்தினார்: "ஆறு! ஆறு லா!" பக்கத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

இராசம்மா அக்கா என் கையைப் பிடித்து மேசை மேல் வைத்து அழுத்தினார். நான்தானே கேப்டன்! "இப்ப கேக்குதா?" என்றார்.

வசனம் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. கேட்கிறது என்று தலையை ஆட்டினேன். கப்பல் திரும்பிப் போனது.

"நா செத்துட்டேனே, அடுத்த வாரம் யாரா வர்றது?" என்று மாடசாமி அண்ணன் இன்றைக்குக் காலையிலும் லோரியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போகிறார். அடுத்த ஞாயிறுக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். சொல்லிவிட்டேன்.

சசிரேகா


கோலாலம்பூர்
14.6.2024

சசி,

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கொடியையும் தோலையும் நான் அலுவலகத்தில் காட்டிய அன்று, என் முதலாளி தங்கராஜு "நீங்களே யோசிச்சதா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். இரண்டே சொல். அதற்கு முன் ஆறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியதே இல்லை. அந்த ஆசை. பிறகு அவர் "வாங்குறவங்களுக்கு அடிக்கிறதுக்கு ஏதாவது வேணும்" என்று மாற்றச் சொன்னபோது, என் கற்பனை என்று சொல்லிவிட்டவள் எந்த முகத்தோடு மறுப்பேன்? "இது என் தோழியுடையது, அவளைக் கேட்க வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். முழுதும், என் மேல் கோபம் என்ற வரியையும் சேர்த்து. வாசித்து முடித்து, "இதெல்லாம் சசிரேகாவுடையது, நான் பொய் சொன்னேன்" என்றேன்.

பிறகு தங்கராஜு சார், "சரி, ஆடிப் பாப்போம்" என்றார். கூட்ட மேசையிலேயே ஆடினோம். அவர் தோல் உரிக்க, அடுத்த நிமிடமே கப்பல் வந்து இறங்க, மற்ற இரண்டு பேரும் தங்கள் பாத்திரம் பிழைத்தால் போதும் என்று ஓட, "யாராச்சும் என் முன்னால நில்லுங்கய்யா!" என்று மனிதர் கத்தினார் பார், வரவேற்பில் இருக்கும் பெண் பயந்து எட்டிப் பார்த்தாள்! யாரும் நிற்கவில்லை. செத்துப்போனார். பகடையை மேசை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அந்தப் பத்துப் புள்ளியை எடுத்துருங்க" என்றார்.

எடுத்துவிட்டோம். நாற்பத்தோராம் பக்கம் நீ எழுதியபடியே வருகிறது. யாரும் அறுகாலராக ஆடலாம். எதிரி, மருந்துக் கப்பல். ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 'அறுகாலர் இனத்தை உருவாக்கியவர்: ச. சசிரேகா.' அடுத்த புத்தகத்தின் பொறுப்பு எனக்கில்லை. பொய் சொன்னதற்கு அது நியாயம்தான். இருந்தும், நம்புவாயா, அந்த மேசையில் சிரித்த மாதிரி நான் சிரித்து வெகுநாளாகிறது.

மன்னிப்பாயா என்று கேட்கத் துணிவில்லை.

கங்கா


பிரிஞ்சாங்
20.6.2024

அடியே கங்கா,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உன் பெயரையும் சேர்க்கச் சொல்வேன் என்று நினைத்திருந்தால், இல்லை. சொல்லவில்லை. அது எனக்கு மட்டும் இருக்கட்டும். இதை எழுதும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருக்கிறது.

கோபம் முழுதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் கடிதத்தை இராசம்மா அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். 'யாரும் நிற்கவில்லை' என்ற இடத்தில் அக்கா அப்படிச் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். உன் மேல் கோபமாக இருக்கிற ஒருத்தி உன் கடிதத்தைப் படித்து இப்படியா சிரிப்பாள்?

இப்போது பதினாலு பேர். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகையா அண்ணன் சாவியே கொடுத்துவிட்டார். இரண்டு மேசை போட்டாக வேண்டும், கதை நடத்த நான் ஒருத்திதான் இருக்கிறேன். அடுத்த ஞாயிறு, முப்பதாம் தேதி, வந்துவிடு. இரண்டாவது மேசை உனக்கு. தானா ராத்தா பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.

இரண்டாவது கிரகம் ஒன்று யோசித்துவிட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நீ கத்துவாய். எழுத மாட்டேன். வந்து கேள்.

சசி